காபபிளாங்காவின் ராணி அடைபட்ட ஊர்: ஹேஸ்டிங்ஸ் நாட்கள்

டிசம்பர் 28

லண்டனில் இருந்து ஹேஸ்டிங்ஸுக்கு நேர் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். எங்களுக்குக் கிட்டத்தட்ட அரை நாள் ஆனது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தண்டவாள வேலை ஆரம்பித்துவிடுவார்களாம். டன்பிரிட்ஜ் வெல்ஸில் எல்லோரையும் இறக்கிவிட்டு, இனி பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றார்கள். பஸ் எப்போது வரும் என்று நிலையத்தில் யாருக்கும் தெரியவில்லை. சாரலா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று விடாமல் விழுந்துகொண்டிருந்தது. அறுபது எழுபது பேர் பெட்டிகளோடு நடைபாதையில் வரிசையில் நின்றோம். ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை, முண்டியடிக்கவில்லை. முதல் பஸ் வந்தபோது குழந்தை வைத்திருந்த ஒரு பெண்ணை வரிசையின் கடைசியிலிருந்து கூட்டிவந்து முன்னால் ஏற்றிவிட்டார்கள். அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை.

என்னோடு அக்கா பையன் வந்திருந்தான். பதினாறு வயது, பிறந்ததே இல்ஃபோர்டில், செஸ் நன்றாக ஆடுவான். "ஹேஸ்டிங்ஸ் போறேன், வர்றியா" என்று கேட்டதும் உடனே சரி என்றான், ஆனால் அவன் வந்தது அங்கே நடக்கும் போட்டியைப் பார்க்க. நான் போனது 1930 டிசம்பர் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜனவரிவரை அதே ஊரில் நடந்த ஒரு போட்டிக்காக. அதில் மீர் சுல்தான் கான் என்ற பஞ்சாபி, இருபதுகளில் இருந்தவர், ஐரோப்பா வந்து இரண்டு வருஷம்கூட முடியாதவர், முன்னாள் உலக சாம்பியன் ஹோசே ராவுல் காபபிளாங்காவை 65 நகர்த்தல்களில் தோற்கடித்தார். அந்த ஆட்டத்தைக் கல்லூரி நாட்களில் ஒரு பழைய புத்தகத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த ஊர் மேல் ஒரு பிடிப்பு.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் எழுபது வயது தாண்டிய ஒருவர். மடியில் இருந்த துணிப்பையிலிருந்து செஸ் கடிகாரம் எட்டிப் பார்த்தது. பையன் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டே, நீயும் ஆட வருகிறாயா என்று கேட்டார். சில வருஷங்கள் தவிர ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறாராம். நான் சுல்தான் கான் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ராணிக்குப் போக இடமே இல்லாமல் போனதே, அந்த ஆட்டம்தானே?" என்றார். எனக்கு அந்த நாளின் அலுப்பு பாதி அங்கேயே போய்விட்டது.

தங்கிய இடம் கடலைப் பார்த்த ஒரு பழைய நாலு மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. எங்கள் அறை மேல் மாடியில். ஹீட்டர் வேலை செய்யவில்லை. சொன்னதும் வீட்டுக்கார அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இரண்டு வெந்நீர்ப் பைகளும் ஒரு கனத்த கம்பளியும் கொண்டுவந்து கொடுத்தார், ஹீட்டர் மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. இரவு ஜன்னல் சட்டங்கள் காற்றில் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. சுல்தான் கான் இங்கிலாந்தில் இருந்த வருஷங்களில் மலேரியா விட்டு விட்டு வரும், சளியும் தொண்டைவலியும் நிரந்தரம், கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்காருவார் என்று படித்திருக்கிறேன். கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்தபோதுதான் அது எப்படி இருந்திருக்கும் என்று உடம்புக்குப் புரிந்தது.

டிசம்பர் 29

காலையில் வெயில் அடித்தது. வெளிச்சம் மட்டும்தான், சூடு இல்லை. சாப்பாட்டறையில் முட்டை, தக்காளி, காளான், வெண்ணெய் தடவிய ரொட்டி. பையன் பன்றி இறைச்சி வேண்டாம் என்றதும் அந்த அம்மா கேட்காமலே இரண்டாவது முட்டை வைத்தார்.

கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். நடந்தால் கால் புதையும், அலை திரும்பும்போது கற்கள் உருளும் சத்தம் ஊருக்குள்ளும் கேட்கும். கடலுக்குள் நீண்டிருக்கும் பாலம் 2010இல் பெரும்பகுதி எரிந்துபோய், 2016இல் திரும்பத் திறந்தது. புதுக் கட்டுமானத்துக்கு அடுத்த வருஷமே பெரிய கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. நாங்கள் போனபோது காற்று ஆளைத் தள்ளியது, சீக்கிரம் திரும்பிவிட்டோம். எதிரே ஒரு கடையில் டீ 2 பவுண்டு 60 பென்ஸ். அதை ரூபாயில் கணக்குப் பார்ப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

அப்புறம் கிளேர்மான்ட் என்ற தெருவில் இருக்கும் நூலகத்துக்குப் போனோம். பழைய பெயர் பிராஸி இன்ஸ்டிட்யூட். விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. வெனிஸ் நகரத்துக் கட்டடங்களின் பாணியில், வளைவு ஜன்னல்களோடு, குறுகலான தெருவில் மேல்நோக்கி எழும்பி நிற்கிறது. 1895 ஆகஸ்ட்டில் அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் 22 பேர் இதற்குள்தான் ஆடினார்கள். உலக சாம்பியன் லாஸ்கர், அவரிடம் பட்டத்தை இழந்த ஷ்டைனிட்ஸ், டராஷ், சிகோரின். ஜெயித்ததோ அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி பில்ஸ்பரி. வயது 22, ஐரோப்பாவில் அவரைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை. முதல் சுற்றிலேயே சிகோரினிடம் தோற்றவர், கடைசியில் 16½ புள்ளிகளோடு அதே சிகோரினை அரைப் புள்ளியில் முந்தினார். பெயர் தெரியாதவன் வந்து பெரியவர்களைச் சாய்ப்பது இந்த ஊருக்கு 1895லேயே பழக்கம்.

பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நான் இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு பெண் நின்று முழுவதையும் கேட்டார். இந்தத் தெருவில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், இது தெரியாது என்றார். கை கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் அறையில் சின்னக் காந்தப் பலகையை விரித்தோம். பையன் போனை எடுத்தான், ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் எங்கே யார் தப்பு செய்தார்கள் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றான். "அது அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கையால நகத்துடா" என்றேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடிப் பார்ப்பது என்று முடிவானது.

சுல்தான் கானுக்கு வெள்ளை. ஐந்தாவது நகர்த்தலில் ராணி பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறார். எதிரியின் பிஷப் வந்து குதிரையைக் கட்டிப்போடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். பார்ப்பவருக்குச் சோம்பலான நகர்த்தல். அதே சின்ன யோசனை பல வருஷம் கழித்து, பின்னாளில் உலக சாம்பியனான பெட்ரோசியன் பெயரில் பெரிய தொடக்கமுறை ஆனது. பையனுக்கு அந்தப் பெயர் தெரியும், அவனே அதை ஆடுகிறவன். "1930லயேவா?" என்று புத்தகத்தை வாங்கித் தேதியைப் பார்த்தான்.

அவனுக்கு நான் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. சுல்தான் கான் தந்தையிடம் கற்றது நம் நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான், கோட்டை கட்டுவது இன்றைய முறையில் இல்லை, ராஜா ஆட்டத்தில் ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். எங்கள் தாத்தா திண்ணையில் ஆடியதும் கிட்டத்தட்ட அப்படித்தான், அது தப்பாட்டம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். அந்த விதிகளோடு வளர்ந்து பஞ்சாபில் பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர், சர் உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலக்கிழாரின் ஆதரவில் ஐரோப்பிய விதிகளைப் படித்து, 1928இல் அகில இந்தியப் போட்டியை வென்று, 1929 வசந்தத்தில் அவரோடு லண்டனுக்குக் கப்பலேறி, அந்தக் கோடையிலேயே ராம்ஸ்கேட்டில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆகிறார். தொடக்க நகர்த்தல்களை விளக்கும் ஐரோப்பியப் புத்தகங்களைப் படிக்க அவருக்கு வழியில்லை. அந்த நிலையிலும் சாம்பியன் ஆனது அசாதாரணமான மேதைமை என்று எழுதியது வேறு யாருமில்லை, காபபிளாங்காதான்.

டிசம்பர் 30

இன்றைக்குப் போட்டிக் கூடம். போகிற வழியில் கார்ன்வாலிஸ் டெரஸில் ஹேஸ்டிங்ஸ் செஸ் கிளப்பின் வீட்டைப் பார்த்தோம். 1882இல் ஆரம்பித்த கிளப். குளிர்காலப் போட்டி 1920களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது, போர் மாதிரி பெரிய காரணங்களுக்குத்தான் நின்றிருக்கிறது. 2001-02இல் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் நம் சென்னை சசிகிரணும் ஒருவர். பையனுக்கு அது தெரிந்திருக்கவில்லை, எனக்குச் சொல்வதில் சந்தோஷம்.

உள்ளே போனை அணைத்துப் பையில் போடச் சொன்னார்கள். நூற்றுக்கு மேல் ஆட்கள், ஒரு சத்தம் இல்லை. ஈரக் கோட்டுகளின் வாடை, காபி வாடை, அவ்வப்போது யாரோ மூக்கு உறிஞ்சும் சத்தம். பஸ்ஸில் பிஸ்கட் கொடுத்தவர் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அவருக்குப் பக்கத்து மேஜையில் ஒரு சிறுமி, பன்னிரண்டு வயது இருக்கலாம், கால் தரையைத் தொடவில்லை. எதிரே வெள்ளைத் தாடிக்காரர், நகர்த்தும்போது காயைப் பார்க்கக்கூடத் தேவையில்லாத கைப்பழக்கம், அந்த ஒன்றிலேயே பழைய ஆள் என்று தெரிந்தது. நாங்கள் போய் நின்றபோதே அவருக்கு நிலைமை சரியில்லை. ஒரு மணி நேரம் யோசித்து யோசித்து இழுத்தார். சிறுமி அவசரப்படவில்லை, சிப்பாயை நகர்த்துவாள், தண்ணீர் குடிப்பாள், எழுதுவாள். கடைசியில் அவர் கடிகாரத்தை நிறுத்திக் கையை நீட்டினார். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாமல், வா என்று தலையசைத்து அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். நாங்களும் பின்னால் போனோம். முழு ஆட்டத்தையும் அவளோடு திரும்ப வைத்துப் பார்த்தார். இங்கே நான் இதை ஆடியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று உண்மையாகவே கேட்டார். அவள் காட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, அதை நான் பார்க்கவே இல்லை என்றார். அவள் அம்மா கோட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் அரை மணி நேரம் காத்திருந்தார்.

காபபிளாங்கா தோற்றபோது என்ன சொன்னார் என்று எங்கும் நான் படித்ததில்லை. ஆனால் 1916 முதல் 1924 வரை ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காத மனிதர் அவர். 1921இல் லாஸ்கரிடமிருந்து பட்டம், 1927இல் புவெனஸ் அய்ரஸில் அலெகினிடம் அதை இழந்தார். ஹேஸ்டிங்ஸ் வந்தபோது வயது 42. பட்டம் போயிருந்தாலும் அவரை வெல்வது என்பது அப்போதும் ஒரு ஆட்டக்காரன் ஆயுளுக்கும் சொல்லிக்கொள்ளும் விஷயம். பத்துப் பேர் ஆடிய அந்தப் போட்டியில் காபபிளாங்கா தோற்றது ஒரே ஒரு ஆட்டம், அது இதுதான். மாக்ஸ் எய்வே 7 புள்ளிகளோடு முதல், காபபிளாங்கா 6½, சுல்தான் கான் 6. அந்தத் தோல்வி டிராவாக இருந்திருந்தாலே அவர் எய்வேயைத் தொட்டிருப்பார்.

ராத்திரி பலகையில் ஆட்டத்தின் நடுப்பகுதி. காபபிளாங்கா இரண்டு யானைகளையும் சிப்பாய்கள் இல்லாமல் திறந்திருக்கும் சி வரிசையில், அதாவது பலகையில் நெடுக்காக ஓடும் மூன்றாவது வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிறார். அது பாடப்புத்தகம் சொல்லும் சரியான இடம், அடுத்து வெள்ளைக்குள் இறங்கப்போகிறார். சுல்தான் கான் மறுபக்கம் சிப்பாய்களை முன்னால் அனுப்பிக் குதிரையைத் துரத்திவிட்டு, பிஷப்பை அந்த யானையைக் குறிவைத்து வைக்கிறார். காபபிளாங்கா இரண்டு யானைகளையும் கொடுத்து ராணியை எடுக்கிறார். பையன் இதில் நின்றான். "ராணி போச்சு மாமா, கறுப்புதானே நல்லா இருக்கு?" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. காய்களை எண்ணினான், இரண்டு பக்கமும் ஏழேழு சிப்பாய், வெள்ளைக்கு இரண்டு யானை, இரண்டு பிஷப், கறுப்புக்கு ராணி, ஒரு பிஷப், ஒரு குதிரை. அந்தக் குதிரை கடைசிக் கட்டத்தில் முடங்கிக் கிடந்தது. "இல்ல, கறுப்பு நல்லா இல்ல" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

டிசம்பர் 31

பழைய நகரம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, மரச்சட்டம் வைத்த சாய்ந்த வீடுகள். கடல் ஓரத்தில் மீனவர்கள் பகுதி, அதை ஸ்டேட் என்கிறார்கள். இந்த ஊருக்குத் துறைமுகம் இல்லை, படகுகளைக் கூழாங்கல் கரையிலிருந்தே கடலுக்குள் தள்ளி, திரும்பி வந்ததும் இயந்திரம் கொண்டு கரைக்கு இழுக்கிறார்கள். ஐரோப்பாவில் இப்படிக் கரையிலிருந்தே இறங்கும் படகுக் கூட்டங்களில் இதுதான் பெரிது என்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் தார் பூசிய கறுப்பு மரக் கூடங்கள், மூன்று மாடி உயரம், ஆனால் அகலம் ஒரு சின்ன அறை அளவுதான். வலைகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்தக் கட்டியவை. கரையில் இடம் குறைவு, அதனால் மேல்நோக்கிக் கட்டினார்கள்.

மத்தியானச் சாப்பாடு அங்கேயே. பலகையில் ஹஸ் என்று ஒரு மீன் எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டபோது கடைக்காரர் வெளியே வந்து, சின்னச் சுறா வகை, முள் இருக்காது, நடுவில் ஒரே எலும்பு, குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்கலாம் என்று கையால் அளவு காட்டி விளக்கினார். சுறா என்றதும் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. மாவில் தோய்த்துப் பொரித்தது, உருளைக்கிழங்கோடு 13 பவுண்டு. சதை உறுதியாக, லேசான இனிப்போடு இருந்தது. அம்மா செய்யும் சுறாப்புட்டுக்கு இந்த மீன் கிடைத்தால் போதும் என்று தோன்றியது, பூண்டும் பச்சைமிளகாயும் மட்டும் சேர வேண்டும். வினிகரை ஊற்றியதும் பையன் இரண்டாவது பொட்டலம் கேட்டான். ஒரு கடல்காகம் மேஜை மேலேயே இறங்கி அவன் கையிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கிப் பறந்தது. அடுத்த மேஜைக்காரர் எழுந்து வந்து, கையில் அடிபட்டதா என்று பார்த்துவிட்டுத் தன் உருளைக்கிழங்கில் பாதியை அவன் தட்டில் கொட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டு. அறைக்குத் திரும்ப மனமில்லாமல், ஒரு பப்பில் கணப்புப் பக்கத்து மேஜையைப் பிடித்து, அங்கேயே பலகையை வைத்தோம். வருஷக் கடைசி நாள், கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது, ஆனாலும் மேஜையைக் காலி செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பரிமாறின பெண் ஒவ்வொரு முறையும் காய்கள் நகராமல் தட்டைப் பார்த்து வைத்தாள்.

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருபத்தைந்திலிருந்து அறுபதுவரை. பெரிதாக எதுவும் நடப்பதில்லை, அதனால் புத்தகங்களில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். காபபிளாங்காவின் ராணி முதலில் வெள்ளையின் ராணி பக்கம் பாய்கிறது. சுல்தான் கான் யானையை ஒரு கட்டம் நகர்த்தி அங்கே எடுக்க ஒன்றுமில்லாமல் செய்கிறார். ராணி திரும்புகிறது. மறுபக்கம் போகிறது, அங்கே ஓரத்து ஹெச் வரிசையில் மூன்றாம் கட்டத்துக்கும் நாலாம் கட்டத்துக்குமாக மாறி மாறி நகர்கிறது. பலகையில் அதைவிடப் பலமான காய் இல்லை, ஆனால் அடிக்க எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் காவல் இருக்கிறது. இந்தப் பக்கம் வெள்ளை ராஜா மெதுவாக நடந்து மூலைக்குப் போகிறார். அங்கே நல்ல இடம் எது என்று பார்க்கிறார். திரும்பி வருகிறார். அவசரம் இல்லை, ஏனென்றால் கறுப்பால் ஒன்றும் செய்ய முடியாது என்று சுல்தான் கானுக்குத் தெரியும். தெரிந்தாலும் காபபிளாங்காவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அத்தனை நகர்த்தல் காத்திருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்.

பையன் திடீரென்று விரலை வைத்தான். "மாமா, இந்தச் சிப்பாய்." வெள்ளையின் ஓரச் சிப்பாய் நாற்பத்து நாலாவது நகர்த்தலில் குறுக்கே ஆறாம் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தது. அதோடு கறுப்பின் ராஜா பக்கம் இறுகிவிடுகிறது, சிப்பாய்கள் நகர வழியில்லை. அதை நான் இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்குக் கவனித்ததில்லை. அவன் பார்த்தான். அப்புறம் அவனே, "இவர் ஃப்ளூக்ல ஜெயிக்கல" என்றான்.

அதைக் கேட்கத்தான் அவனைக் கூட்டிவந்தேன் என்று சொன்னால் தப்பில்லை. சுல்தான் கானைப் பற்றி எழுதுபவர்கள் எப்போதும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரன், எஜமான் கூட்டிவந்தான், ஏதோ பிறவி மேதை, மின்னல் மாதிரி வந்து போனான். வேலைக்காரர் என்பதையே அவர் குடும்பத்தார் மறுத்திருக்கிறார்கள். அது எப்படி இருந்தாலும், இந்த ஆட்டத்தில் மின்னல் எங்கே இருக்கிறது? நாற்பது நகர்த்தலுக்கு ஒரு மனிதர் ஒரு தப்பும் விடாமல் யோசித்திருக்கிறார், அதுவும் அந்தக் காலத்தில் இந்த மாதிரி நிலைகளை உலகத்திலேயே நன்றாக ஆடக்கூடியவரோடு. அது உழைப்பு, புரிதல். அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்காமல் அதிசயம் என்று சொல்லித் தள்ளிவிடுவது எனக்குக் கோபம் தருகிறது. இது தனியான வெற்றியும் இல்லை. அந்த ஜனவரியிலேயே, அப்போதைய முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான டார்டகோவரோடு பன்னிரண்டு ஆட்டப் பந்தயத்தில் 6½-5½ என்று வென்றார். அதே வருஷம் ப்ராகில் நாடுகளுக்கு இடையே நடந்த செஸ் ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதல் பலகையில் உட்கார்ந்து, அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர்களான ரூபின்ஷ்டைனையும், சொந்த ஊரில் ஆடிய ஃப்ளோரையும் தோற்கடித்தார்.

இரவுச் சாப்பாடு வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த ஒரு வங்காளிக் குடும்பத்தின் உணவகத்தில். ஆட்டுக்கறியும் சோறும் 14 பவுண்டு 50. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, பரிமாறினவர் உள்ளே போய் பட்டியலில் இல்லாத மீன் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுவந்தார், அவர்கள் வீட்டுக்கு வைத்தது. காசு வாங்கவில்லை. எங்களுக்குத் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது, அந்தக் காரம் மருந்து மாதிரி இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு வாண வேடிக்கையைப் படுக்கையில் இருந்தபடி சத்தமாக மட்டும் கேட்டோம்.

ஜனவரி 1

எனக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது. பையன் மருந்துக்கடை தேடி ஊரெல்லாம் அலைந்தான், திறந்திருந்தது எதுவுமில்லை. வீட்டுக்கார அம்மா தன் அலமாரியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார், எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீரும் வந்தது. பில்லில் ஹீட்டருக்காக ஒரு இரவின் வாடகையைக் குறைத்திருந்தார். கேட்கவில்லை, அவராகவே.

மத்தியானம் கொஞ்சம் தேறியதும் கிழக்குக் குன்றுக்குப் படி ஏறினோம். கீழே பழைய நகரத்தின் ஓடுகள், அந்தப் பக்கம் மேற்குக் குன்றின் மேல் கோட்டையின் உடைந்த சுவர். காற்று காதுக்குள் புகுந்தது, கண்ணில் நீர். மேலே எங்களைத் தவிர நாய்களோடு வந்தவர்கள்தான், ஒவ்வொருவரும் நின்று புத்தாண்டு வாழ்த்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி நகர்த்தல்களைப் பார்த்தோம். யானை ஆறாம் வரிசையில் நுழைகிறது. ராணி கடைசியில் ஒரு சிப்பாயைப் பிடிக்கிறது, ஆனால் உடனே வெள்ளை யானை மறுபக்கத்துச் சிப்பாயை எடுத்துவிட்டு, தன் பி வரிசைச் சிப்பாய்க்கு வழி திறந்துவிடுகிறது. யானை எட்டாம் வரிசையில் போய் நின்றதும் காபபிளாங்கா ஒத்துக்கொள்கிறார். ராணி அப்போதும் ஹெச் வரிசையில், மூன்றாம் கட்டத்தில்தான்.

அப்புறம் சுல்தான் கானுக்கு என்ன ஆனது என்று பையன் கேட்டான். 1932இலும் 1933இலும் மறுபடி பிரிட்டிஷ் சாம்பியன். 1933 போட்டி இதே ஹேஸ்டிங்ஸில். அதே வருஷம் இங்கேயே நடந்த பெண்கள் சாம்பியன்ஷிப்பை வென்றது பாத்திமா என்ற இளம் பெண், அவரும் சர் உமர் வீட்டைச் சேர்ந்தவர்தான். பதினொரு ஆட்டத்தில் பத்து வெற்றி, ஒரு டிரா, இரண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் மூன்று புள்ளி இடைவெளி. சர் உமர் ஊர் திரும்பியபோது எல்லோரும் திரும்பினார்கள். இந்தியாவுக்கு வந்ததும் சிறையிலிருந்து விடுபட்ட மாதிரி சுல்தான் கான் உணர்ந்ததாகப் பின்னாளில் பாத்திமா சொல்லியிருக்கிறார், இந்த ஈரக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. 1935இல் காடில்கர் என்ற இந்திய ஆட்டக்காரரோடு ஒரு பந்தயம், பத்து ஆட்டத்தில் 9½ புள்ளி. அதன் பிறகு பெரிய போட்டி எதுவும் இல்லை. 1966இல் பாகிஸ்தானில், சர்கோதாவில் காலமானார். 1950இல் உலக செஸ் சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களைக் கொடுக்கத் தொடங்கியபோது அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024இல்தான் அறிவித்தார்கள், இறந்து 58 வருஷம் கழித்து.

ஊரில் அவர் பெயர் பொறித்த ஒரு பலகையாவது கண்ணில் படுமா என்று நடந்த தெருவிலெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன், என் கண்ணில் எதுவும் படவில்லை.

பையன் காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "பாத்திமா ஆடின ஆட்டம் ஏதாவது கிடைக்குமா மாமா?" என்றான். தேடிப் பார்க்கலாம் என்றேன். பிஸ்கட்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. நாளைக்கு அவருடைய சுற்று மத்தியானம்தான், அதற்கு முன்னால் போய்ப் பிடித்தால் கேட்டுவிடலாம். ரயிலை மாலைக்கு மாற்றிக்கொண்டோம்.